கொடி வாடினால் மருமகளைப் பார்க்காதீர்கள்!

உங்கள் வீட்டில் வெயில் சரியாக விழாத ஒரு மூலை கட்டாயம் இருக்கும். கிணற்றடியோ, குளியலறைக்குப் பின்பக்கமோ, மாமரத்து நிழலோ, ஃப்ளாட்டில் இருப்பவர்கள் என்றால் வடக்குப் பார்த்த பால்கனியோ... "அங்கே எதுவும் வராது டாக்டரம்மா, மணி பிளான்ட் வேணும்னா வரும்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. வேறொன்றும் வரும். வெற்றிலைக் கொடி வரும்! அந்த மாதிரி மூலைக்கென்றே பிறந்த கொடி அது.

ஆனால் இதைச் சொன்னவுடன் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடுகிறது. "ஐயையோ, வெற்றிலைக் கொடியா? அது எல்லார் வீட்லயும் நிக்காதே... ராசி வேணுமே... சுத்தபத்தமா இருக்கணுமே..." என்று இழுக்கிறார்கள். மணி பிளான்ட் வைத்தால் பணம் வரும் என்று நம்புகிற அதே வீட்டில், வெற்றிலைக் கொடி பட்டுப்போனால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயமும் இருக்கிறது. ஒரு கொடிக்குப் புகழ், இன்னொரு கொடிக்குப் பழி!

பழி கொடியோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மாதவிலக்கு வயிற்றுவலிக்காக மருமகளை அழைத்துக்கொண்டு ஒரு மாமியார் என்னிடம் வந்தார். வலியைப் பற்றி நாலு வார்த்தை. அதற்குப் பிறகு முழுக்க வெற்றிலைக் கொடி பற்றித்தான். "மூணு நாளும் அந்தப் பக்கம் போகாதன்னா கேக்க மாட்டேங்கா டாக்டரம்மா. இவ தொட்ட மறுவாரமே கொடி கருகிட்டு." அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "தொட்டிக்கு அடியில ஓட்டையே கிடையாது மேடம். அத்தை காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் ஊத்துறாங்க."

நோய் என்ன என்பதை அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். நான் செய்ய வேண்டியிருந்தது, அதை மாமியார் காதுக்குக் கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்வதுதான்.

வெற்றிலைக்கு எமன் தேங்கிய தண்ணீர். மண்ணுக்குள் ஒரு வகைப் பூசணக் கிருமி உண்டு. ஃபைட்டாப்தோரா என்று பெயர். மண்ணில் தண்ணீர் நின்றால் அது பெருகி, நீரோடு நீந்திப் போய் வேரையும் கொடியின் அடித்தண்டையும் பிடித்துக்கொள்ளும். மேலே இலை மஞ்சளாகித் தொங்கும். அடியில் பார்த்தால் தண்டு கறுத்துக் கொழகொழவென்று அழுகியிருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த கொடி சில நாளில் சரிந்துவிடும். 'திடீர்னு பட்டுப்போச்சே' என்று தோன்றுவதால்தான், அந்த வாரம் யார் தொட்டார்கள் என்று வீடு கணக்குப் பார்க்கிறது. மாதவிலக்கான பெண்ணின் கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கொடிக்கால்களில் பெண்களை உள்ளே விடாத வழக்கம் பல ஊர்களில் இருந்தது உண்மைதான். ஆனால் பறித்த இலையைத் தரம் பிரித்து, அடுக்கிக் கவுளி கட்டுவது பல ஊர்களில் பெண்கள் கைதானே? அந்த இலையைத்தானே கோயில் தட்டிலும் கல்யாணத் தாம்பூலத்திலும் வைக்கிறோம்?

பழைய வழக்கம் எல்லாமே வெறும் வழக்கம் என்றும் நான் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் கொடிக்கால்காரர்கள் உண்டு. அதில் பொருள் இருக்கிறது. நோய் பிடித்த தோட்டத்து மண் செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். செருப்புக்குச் சொன்ன காரணத்தைப் பெண்ணுக்கு மாற்றிப் போடாதீர்கள்!

இந்தக் கொடியின் குணம் தெரிந்துவிட்டால் வளர்ப்பது சிரமமே இல்லை. இது தென்கிழக்கு ஆசியாவின் ஈரக் காட்டுப் பக்கத்துக் கொடி. மிளகும் திப்பிலியும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். நாங்கள் திரிகடுகு என்று சொல்லும் மூன்றில் சுக்கைத் தவிர மற்ற இரண்டும் இதே குடும்பம்தான். காட்டில் பெரிய மரத்தின் அடியில் முளைத்து, மரத்தைப் பிடித்து ஏறி, இலை வழியாக வடிகட்டி வரும் வெளிச்சத்தில் வாழ்ந்து பழகியது. அதனால்தான் நம் விவசாயி வெற்றிலைக்கு முன்னால் அகத்தியை விதைக்கிறார். அகத்தி வளர்ந்து நிழல் தரும், ஏறிக்கொள்ளத் தண்டு தரும், மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். வெயில் காலத்தில் அகத்தித் தழையை விட்டுவைப்பார்கள். மழை, மப்பு என்றால் கழித்துவிட்டு வெளிச்சத்தை உள்ளே விடுவார்கள். எங்கள் பக்கத்து ஆத்தூரில் தாமிரபரணித் தண்ணீரிலும், மதுரைப் பக்கம் சோழவந்தானிலும், கும்பகோணத்துக் காவிரிக் கரையிலும் தலைமுறை தலைமுறையாக நடக்கிற கணக்கு இது. ஆத்தூர், சோழவந்தான் வெற்றிலைகளுக்கு 2023-லும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-லும் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மா இல்லை.

நிழல் என்றவுடன் இருட்டறையில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். பகலில் அந்த இடத்தில் நின்று பத்திரிகை படிக்க முடிய வேண்டும், அவ்வளவு வெளிச்சம் போதும். காலை இளவெயில் பட்டால் நல்லது. மதிய வெயில் பட்டால் இலை வெளுத்து ஓரம் தீய்ந்துவிடும். ரொம்ப இருட்டாக இருந்தால் கணுவுக்குக் கணு நீண்டு, இலை சிறுத்து, கொடி நூல் மாதிரி ஓடும்.

கடையில் வாங்கிய வெற்றிலையைக் காம்போடு தண்ணீரில் போட்டுவைத்துவிட்டு, "வேர் விடுமா டாக்டர்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இலையிலிருந்து கொடி வராது. கணு வேண்டும். நன்றாக வளர்ந்த கொடியின் மேல்பகுதியிலிருந்து நாலைந்து கணு உள்ள துண்டாக நறுக்கி வாங்குங்கள். இதை விதைக்கொடி என்பார்கள். கணுவில் குட்டி குட்டியாகப் பற்றுவேர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கணு மண்ணுக்குள், மீதி வெளியே. ஒரே தொட்டியில் இரண்டு துண்டாக நடுங்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் இல்லாத நாளாகப் பாருங்கள். தை, மாசி நல்ல காலம்.

தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும், வாய் ஒரு அடி அகலம் போதும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்க்கலாம். பச்சைச் சாணியைப் போடாதீர்கள். சூட்டில் வேர் வெந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், விரலை நம்புங்கள். மேல்மண்ணில் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், அடியில் வடிகிற வரைக்கும். வடிந்த தண்ணீர் தட்டில் நிற்கக் கூடாது, கொட்டிவிடுங்கள். கோடையில் இலை மேலும் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இந்தக் கொடிக்குக் கொண்டாட்டம். ஈரக் காற்று பிடிக்கும். ஈரச் சேறுதான் பிடிக்காது.

மூன்று, நான்கு வாரத்தில் புதுத் துளிர் தெரியும். தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, வாழை நாரால் இளக்கமாகக் கட்டிவிடுங்கள். பிறகு அதுவே பிடித்துக்கொண்டு ஏறும். வீட்டில் முருங்கையோ தென்னையோ இருந்தால் கம்பே வேண்டாம். ஆறு மாதம் பொறுங்கள். அதற்கு முன் ஆசைப்பட்டுப் பறித்தால் கொடி வலுக்காது. பறிக்கும்போதும் கீழேயுள்ள முற்றிய இலையைக் காம்போடு கிள்ளுங்கள், நுனிப் பக்கம் கை வைக்காதீர்கள்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து தெளித்து, பத்து நாள் இலை பறிக்காமல் இருங்கள். அடித்தண்டு அழுகல் மட்டும் வந்துவிட்டால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மேலே நல்ல பகுதி இருந்தால் அதை நறுக்கிப் புது மண்ணில், வேறு தொட்டியில் நடுங்கள். பழைய மண்ணை இன்னொரு செடிக்குப் போடாதீர்கள்.

ஓரிரு வருடத்தில் கொடி மேலே மேலே போய், கீழே வெறும் தண்டு மட்டும் நிற்கும். 'வயசாயிட்டு' என்று பிடுங்கிப் போடாதீர்கள். கொடிக்கால்காரர்கள் இந்தக் கட்டத்தில் கொடியை இறக்குவார்கள். நீங்களும் கம்பிலிருந்து மெதுவாக விடுவித்து, இலையில்லாத தண்டை வளையமாகச் சுருட்டித் தொட்டி மண்ணுக்குள் புதைத்து, நுனியை மறுபடி ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு கணுவிலும் புது வேர் இறங்கும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணி பிளான்ட் இருக்கிற கம்பில் வெற்றிலையை ஏற்றாதீர்கள். பக்கத்திலும் வேண்டாம். இரண்டும் இதய வடிவம், இரண்டும் பச்சை. அவசரத்தில் மாற்றிப் பறித்துவிட்டால் வம்பு. மணி பிளான்ட் இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது. மென்றால் நாக்கும் உதடும் எரிந்து வீங்கும். சந்தேகம் வந்தால் இலையைக் கசக்கி மூக்கில் வையுங்கள். வெற்றிலை என்றால் காரமான வாசனை தூக்கும். மணி பிளான்டில் அந்த வாசனை கிடையாது.

'நாலு இலைக்கு இவ்வளவு பாடா? கடையில கிடைக்காதா?' என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அந்த இலை எந்த மருந்து தெளித்து வந்தது, எந்தத் தண்ணீரில் நனைந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. 2014-ல் வங்கதேசத்து வெற்றிலையை ஐரோப்பிய ஒன்றியம் தடுத்து நிறுத்தியது. காரணம், இலையில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி. பச்சையாக மெல்லுகிற இலை பாருங்கள், வேகவைக்கிற வேலையே கிடையாது. வீட்டு இலையானாலும் ஓடுகிற தண்ணீரில் இரண்டு பக்கமும் கழுவுங்கள்.

இனி, இலையை என்ன செய்வது?

சித்த மருத்துவத்தில் வெற்றிலை கார்ப்புச் சுவை, வெப்ப வீரியம். கபத்தை இளக்கும், பசியைத் தூண்டும். எங்கள் மாத்திரைகள் பலவற்றுக்கு வெற்றிலைச் சாறும் தேனும் துணைமருந்து, அதாவது அனுபானம். சளியும் தொண்டைக் கரகரப்பும் உள்ள பெரியவர்கள் காம்பும் நுனியும் நடுநரம்பும் நீக்கிய ஒரு வெற்றிலையில் இரண்டு மிளகு வைத்து மென்று சாறை விழுங்கலாம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போடுகிற ரசத்தில் இறக்கும்போது இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள், வாசனையே வேறு! வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல், வாய்ப்புண் உள்ளவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகள் மருந்தாக எடுக்க வேண்டாம்.

ஆனால் கைக்குழந்தை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது, வெற்றிலைச் சாறும் கூடாது. விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிய வெற்றிலையை நெஞ்சில் போடுகிறீர்களே, உங்கள் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது அந்தத் தோலுக்குக் கொப்புளம். மூக்கில் எண்ணெய் விடுவதோ, அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சளி பிடித்த குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் என்றால் 50, ஐந்து வயதுக்குள் என்றால் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரி! 'ராத்திரிக்கு வெத்தலைச் சாறு குடுத்துப் பாப்போம், விடிஞ்சதும் போகலாம்' என்று காத்திருக்க வேண்டாம். சித்த மருத்துவராக இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

அடுத்து பாக்கு. "வெற்றிலை நல்லதுன்னு நீங்களே எழுதுறீங்க, அப்புறம் ஏன் போடக் கூடாதுங்கிறீங்க?" என்று தாத்தாக்கள் சண்டைக்கு வருவார்கள். ஐயா, நான் நல்லது என்றது இலையை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், பாக்கு தனியாகவே மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்த்த தாம்பூலம் மட்டுமில்லை, புகையிலை இல்லாத பாக்குத் தாம்பூலமும் அதே பட்டியலில்தான். எங்கள் நூல்களில் பாக்குக்கும் மருந்துக் குணம் சொல்லியிருக்கிறது. அளவு பார்த்து, அனுபானம் பார்த்து, சில நாள் கொடுக்கிற மருந்தும், நாற்பது வருடம் கன்னத்தில் அடக்கி வைக்கிற பாக்கும் ஒன்றாகிவிடாது. சுண்ணாம்பில் கால்சியம் கிடைக்கிறது என்பதும் சாக்குதான். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, மோர் இருக்கிறது. வாயைப் புண்ணாக்கிக்கொண்டு ஏன் தேடவேண்டும்?

பாக்குப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வாயை நன்றாகத் திறந்து, உங்கள் மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து இறுகியிருக்கிறதா? இரண்டு வாரமாக ஆறாத புண் இருக்கிறதா? பல் மருத்துவரிடம் போங்கள். கஷாயம் கேட்டு என்னிடம் வந்து நாளைக் கடத்தாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் வெற்றிலைக்குள் சோம்பும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை தேங்காய்த் துருவலும் வைத்து மடியுங்கள். 'பாக்கில்லாமல் அது என்ன தாம்பூலம்' என்று முதல் நாலு நாள் தோன்றும். பிறகு பழகிவிடும்.

சரி, விதைக்கொடிக்கு எங்கே போவது என்கிறீர்களா? நர்சரியில் கேட்டால் கொடுப்பார்கள். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அதைவிட, திருச்செந்தூருக்கோ கும்பகோணத்துக்கோ கோயிலுக்குப் போகும்போது வழியில் கொடிக்கால் தெரிந்தால் இறங்கிக் கேளுங்கள். காரம் கம்மியாக வேண்டும் என்றால் வெள்ளைக்கொடி, நல்ல காரமும் மணமும் வேண்டும் என்றால் கற்பூரக்கொடி. நறுக்கிக் கொடுத்த துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில் வைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நட்டுவிட வேண்டும். நடும் வேலையை மருமகளிடமே கொடுங்கள், எந்த நாளாக இருந்தாலும்!